கரிக்கும் வெண்மைக்கும் இடையே

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைப் பக்கமாக மலைப்பாதையில் ஏறி வெள்ளிமலையை அடைகிறவர் கண்ணில் முதலில் படுவது மண்ணின் நிறம். முழுச் சிவப்பும் அன்று, கறுப்பும் அன்று. வெயில் விழும் இடத்தில் வெளுத்தும் மரநிழலில் கருத்தும் தோன்றும் ஒரு செம்பழுப்பு. மண் பூசிய வீட்டுச் சுவர்களில் அந்த நிறம். சாமைக் கொல்லையில் குனிந்து களையெடுப்போரின் முகங்களிலும் ஏறக்குறைய அதே நிறம். ஓவியம் பற்றி எழுதப் புகுந்த நாம் மண்ணிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட இரண்டு படங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் இந்த நிறத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டும் ஒரே முகத்தின் படங்கள். வரைந்தவர் சமவெளிப் பள்ளியொன்றில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர், நம் நண்பர். அமர்ந்தவர் வெள்ளிமலையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த மூதாட்டி. தம் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. படத்தின் பின்புறத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். முதல் படம் வெள்ளைத் தாளில் கரிக்கோலால் வரையப்பட்டது. இரண்டாவது, பழுப்புத் தாளில் கரியாலும் வெண்சுண்ணத்தாலும் வரையப்பட்டது. இரண்டும் அவர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், வாசல் வெளிச்சத்தில், அடுத்தடுத்த இரு நாட்களில் உருவாயின. நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம்.

முதல் படத்தைக் கையில் வாங்கியதும் மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “என்னைய ஏன் வாத்தியாரே இப்படிக் கருக்கிப்புட்ட?” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. சோறு ஏன் அடிப்பிடித்தது என்று மருமகளைக் கேட்கும் குரலில். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே எண்ணுகிறோம். ஏனெனில் மறுநாள் அவர் வேறு தாளோடு வந்தார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

வெள்ளைத் தாளில் வரைபவனுக்குத் தாளின் வெண்மையே எட்டக்கூடிய மிக உயர்ந்த ஒளி. அதற்கு மேல் அவனால் ஏற முடியாது. கீழே இறங்க மட்டுமே முடியும். அவன் தாளில் வைக்கும் ஒவ்வொரு கோடும் ஒளியிலிருந்து ஒரு படி இறக்கம். இப்போது அவன் முன் ஒரு மாநிற முகம் இருக்கிறது. அம்முகத்தின் நெற்றியில் ஒளி விழும் இடம்கூடத் தாளளவு வெண்மையானதன்று. ஆகவே அவன் முகம் முழுவதையும் கரியால் தேய்த்தாக வேண்டும். கன்னத்தைத் தேய்க்கிறான், கழுத்தைத் தேய்க்கிறான். இதுவரை அவன் நிழலைத் தொடவில்லை; தோலின் நிறத்தை அடைவதற்கே இவ்வளவு கரி செலவாகிவிட்டது. பின்னர் நிழலைக் காட்ட இன்னும் கரி. கண்குழிக்கும் மூக்கின் அடிப்பக்கத்துக்கும் அதற்கும் மேல் கரி. இறுதியில் நம் முன் இருப்பது வெண்மையிலிருந்து மிகவும் விலகிப்போன ஒரு முகம். அதாவது, இயல்பான நிலை வெண்மை. இம்முகம் அதன்மேல் படிந்த கறை. ஓவியன் இப்படி நினைப்பதில்லை. அவன் கையிலுள்ள தாள் அவனுக்காக இப்படி நினைத்துவிடுகிறது. மூதாட்டி ‘கருக்கிப்புட்ட’ என்றது அதைத்தான்.

இரண்டாம் நாள் ஆசிரியர் கொண்டுவந்தது, பள்ளிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாளைவிடச் சற்றுத் தடித்த தாள். வழவழப்பு இல்லாத பக்கம் மேலாக இருந்தது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. திருமண விளம்பரங்களில் நாம் நாளும் படிக்கிற ‘மாநிறம்’ என்ற சொல்லை எடுத்து ‘மாநிறத் தாள்’ என்று வழங்கினால் பொருள் சரியாகவே அமைகிறது. வெளுப்புக்கும் கருப்புக்கும் நடுவில் நிற்பதே மாநிறம்.

மாநிறத் தாளில் வேலையின் கணக்கே மாறிவிடுகிறது. ஓவியன் தாளைத் தொடுவதற்கு முன்பே முகத்தின் நிறம் அங்கே இருக்கிறது. கன்னத்தின் பெரும்பகுதி, நெற்றியின் பக்கவாட்டு, கழுத்தின் முன்புறம் ஆகியவற்றுக்கு அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எங்கே நிழல் ஆழ்ந்திருக்கிறதோ அங்கே கரி. எங்கே ஒளி நேராக வந்து மோதுகிறதோ அங்கே மட்டும் வெண்மை. நடுவிலுள்ளதைத் தாளே பார்த்துக்கொள்ளும். வெள்ளைத் தாளில் ஒரு திசைப் பயணமாக இருந்தது, இங்கே நடுவீட்டிலிருந்து இரு வாசல்களுக்கும் போய்வருவதாக ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் இம்முறையின் முதற்கட்டளையைச் சொல்லிவிட வேண்டும். கரியும் வெண்சுண்ணமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டு, விரல் பட்டுக் கலந்தால் பிறப்பது ஒரு நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். வெதுவெதுப்பான பழுப்புத் தாளின்மேல் அந்தச் சாம்பல் உயிரற்ற முகத்தின் நிறமாகத் தெரியும். புதிதாகக் கற்பவர் பத்துப் பேரில் ஒன்பது பேர் இங்கேதான் தவறுகிறார்கள். நிழலிலிருந்து ஒளிக்குப் பாலம் கட்ட வேண்டும் என்று எண்ணி இரண்டையும் குழைக்கிறார்கள். பாலம் முன்பே கட்டப்பட்டிருக்கிறது. தாள்தான் அந்தப் பாலம். அதை நம்பி விட்டுவிடத் தெரிவதே இக்கலையில் கடினமான பகுதி. எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்பதே இங்கே கேள்வி.

*

இந்த முறை இன்று நேற்று வந்ததன்று. 1400-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் வாழ்ந்த சென்னினோ சென்னினி என்ற ஓவியர், தம் தொழிலின் நுட்பங்களைத் தொகுத்த நூலில் தாளுக்கு நிறம் பூசும் விதத்தை விரிவாகச் சொல்கிறார். கரிக்கோல் செய்யும் வழியும் அதில் உண்டு. மென்மரக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகப் புதுப்பானையில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, ரொட்டி சுடுபவரின் அடுப்பில் இரவு முழுதும் வைத்து எடுக்க வேண்டும் என்பது அவர் கூறும் முறையின் சாரம். காற்றுப் புகுந்தால் குச்சி சாம்பலாகிவிடும், புகாவிட்டால் கரியாகும். கரிமூட்டம் போடுபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நிறத்தாளில் பிறந்த படங்களுள் உலகம் முழுதும் அறிந்தது ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1508-இல் வரைந்த கூப்பிய கைகள். நம் வீடுகளில் நாட்காட்டிகளிலும் செபப் புத்தக அட்டைகளிலும் அதன் நகலைக் காணாதவர் இருக்க முடியாது. அது கரியால் அன்றித் தூரிகையால் வரையப்பட்டது என்றாலும் தத்துவம் ஒன்றே: நீலப் பூச்சிட்ட தாள் நடுநிறம், நிழலுக்கு இருண்ட மை, நரம்பும் நகமும் மின்னும் இடங்களுக்கு வெள்ளை. அக்கைகள் பிராங்க்பர்ட் நகர வணிகர் யாக்கோபு ஹெல்லருக்காகத் தீட்டப்பட்ட பீட ஓவியத்தில் வரும் திருத்தூதர் ஒருவருக்கான முன்வரைவு. பேருழைப்பில் உருவான அந்த ஓவியத்தின் நடுப்பலகை 1729-இல் மூனிக் அரண்மனைத் தீயில் எரிந்துபோயிற்று. ஒரு தாளில் வரைந்த முன்வரைவு வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

டியூரரின் தாள் நீலம். மனிதத் தோல் எங்கும் நீலமன்று. ஆகவே தாள் தோலின் நிறத்தையே பெற்றிருக்க வேண்டும் என்று விதி செய்யத் தேவையில்லை. அது ஒளிக்கும் இருளுக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பதே விதி. மிக வெளுத்த தாளில் வெண்சுண்ணம் தெரியாது. மிகக் கருத்த தாளில் கரி தெரியாது, வெண்சுண்ணம் மட்டும் பேயுருவாக நிற்கும்.

ஆனால் நம் வாதத்துக்கு டியூரரைவிட நெருக்கமானவர் ஹான்ஸ் ஹோல்பைன். இங்கிலாந்துக்கு இரண்டாம் முறை 1532-இல் சென்றபின் அவர் வரைந்த முகங்களில் மிகப் பலவும் இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளில் அமைந்தவை. ராச்செஸ்டர் ஆயர் ஜான் பிஷரின் முகமும் அவற்றுள் ஒன்று. 1535 ஜூனில் தலை வெட்டப்பட்டு இறந்து, 1935-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே பிஷர்தான். ஒட்டிய கன்னம், ஆழ்ந்த கண்கள், உறுதியான வாய். அப்படத்தின் முன் நிற்கும்போது நமக்கு ஓர் எளிய உண்மை உறைக்கிறது. வெள்ளையர் ஒருவரின் முகத்துக்கே வெள்ளைத் தாள் போதவில்லை! அவர்களுடைய தோலும் வெண்மையன்று என்பதைக் கண்டு, அதற்கேற்ற நடுநிறத்தைத் தாளில் பூசிவிட்டே ஹோல்பைன் கரியை எடுத்தார். அப்படியிருக்க, ஆங்கிலேயர் நிறுவிய பள்ளிகள் வழியாக வெள்ளைத் தாளையும் பென்சிலையும் பெற்ற நாம், மாநிற முகங்களை அத்தாளிலேயே வரையப் பழகி, கருக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். சென்னை ஓவியப் பள்ளி 1850-இல் மருத்துவர் அலெக்சாந்தர் ஹண்டரால் தொடங்கப்பட்டது. வெண்சுதையில் வார்த்த ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்து வரைவதே அக்காலக் கலைப் பள்ளிகளில் பாடம். வெண்சுதை முகத்துக்கு வெள்ளைத் தாள் பொருந்தும். ஆசிரியர் பயிற்சிகளிலும் ஓவியத் தேர்வுகளிலும் அப்பழக்கம் தங்கிவிட்டது. நம் நண்பர் கற்றதும் அதுவே.

*

இதனால் நிறத்தளம் நமக்கு அயலானது என்று எண்ணிவிடக்கூடாது. கலம்காரி எழுதுவோர் துணியை முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துகிறார்கள். துணி மெல்லிய பழுப்பு மஞ்சளாகிறது. அதன்மேல் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவத்தின் முதல் கோடுகளை இழுக்கிறார்கள். கடுக்காய்த் துவர்ப்பு பின்னால் வரும் இரும்பு மையைத் துணியில் கருப்பாகப் பிடித்து நிறுத்துகிறது. பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கிறது. தொழில் நோக்கம் வேறு என்றாலும், வெறும் வெள்ளையில் தொடங்காமல் நிறமேற்றிய தளத்தில் கரியால் தொடங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதற்கு இது சான்று. இந்தக் கடுக்காய் கல்வராயன் மலையில் பொறுக்கப்படும் காட்டுப் பொருள்களில் ஒன்று. பிறருடைய துணிக்கு நடுநிறம் தந்த மலை, தன் முகத்தை வெள்ளைத் தாளில் பார்க்க நேர்ந்தது ஒரு முரண்.

இதுவரை சொன்னதைக் கொண்டு வெள்ளைத் தாளையே நாம் ஒதுக்குகிறோம் என்று கொள்ள வேண்டாம். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்து 2008-இல் மறைந்த கே. எம். ஆதிமூலம், 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி கோட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளையில்தான் உள்ளன. அவற்றில் எந்த முகமும் கருகவில்லை. ஏன்? ஆதிமூலத்தின் கோடு தோலின் நிறத்தைச் சொல்ல முன்வருவதில்லை. எலும்பின் அமைப்பையும் உடலின் விரைவையும் மட்டும் சொல்கிறது. அங்கே தாளின் வெண்மை தோலும் அன்று, ஒளியும் அன்று, வெறும் வெளி. கோடு மட்டும் பேசும்போது வெள்ளைத் தாள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நிழலையும் ஒளியையும் தேய்த்துக் காட்டத் துணியும்போதுதான், ‘எதை இயல்பாக வைத்துக்கொண்டு தொடங்குகிறாய்?’ என்ற கேள்வி எழுகிறது.

*

இக்கேள்வி வெள்ளிமலையில் ஓவிய நுட்பத்தோடு நின்றுவிடுவதில்லை. இம்மலை மக்களின் முகங்களை வெளியார் பார்த்த வரலாறு நீண்டது. அதில் பெருமைப்பட அதிகமில்லை.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளி என்று வழங்கும் இம்மலை மக்களும் அதில் இடம்பெறுகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்று அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை போன்ற அரிய செய்திகள் பலவற்றுக்கு அத்தொகுதிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்நூலின் பக்கங்களில் மனிதர்களின் தலை நீளமும் மூக்கின் அகலமும் கவைக்கோலால் அளந்து எண்களாகத் தரப்பட்டிருக்கின்றன. படங்கள் பலவற்றின் கீழ் இனப் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. ஒருவரைப் பார்த்து ஓர் இனத்தை எழுதிக்கொள்வது அந்த நோக்கு.

மலைக்குள்ளேயும் நிலைமை எளிதாக இருக்கவில்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இம்மலை இருந்தது. ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976-இல்தான். அதுவரை கூலியில்லா வெட்டி வேலை செய்தவர்களின் முகத்தை யாரும் படமாக எழுதிவைக்கவில்லை. பிறகு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதை ஒட்டி நாளேடுகளில் கல்வராயன் மலையின் பெயர் ஊறல் பானைகளோடு சேர்த்தே அடிபட்டது. மூதாட்டியின் வயதுடைய ஒருவர் தம் வாழ்நாளில் கண்ட மாற்றங்கள் இவை: ஜாகீர் போயிற்று, சாலை வந்தது, 2019-இல் புதிய மாவட்டம் வந்தது. மலையின் முகம் என்று வெளியே போனது மட்டும், ஒன்று இனத்தின் மாதிரியாக, அல்லது குற்றத்தின் சாயலாக, அல்லது சுற்றுலா விளம்பரத்தின் அழகுப் பொருளாகவே போயிற்று.

இந்தப் பின்னணியில் ஒருவர் எதிரே அமர்ந்து, ஒரு பகல் முழுதும் ஒரே முகத்தைப் பார்த்து வரைவது சிறிய செயலன்று. முகப்படம் என்பது மாதிரிக்கு நேர் எதிரானது. மாதிரி, ‘இவரைப் போன்றவர்கள்’ என்கிறது. முகப்படம், ‘இவர்’ என்கிறது. அதனால்தான் படத்தின் பின்புறத்தில் பெயர் எழுதப்பட்டதை முதலிலேயே குறிப்பிட்டோம்.

*

இனி, இரண்டாவது படத்தின் குறைகளுக்கு வருவோம். நண்பர் என்பதற்காக மறைப்பது விமரிசனம் ஆகாது.

முதற்குறை சுருக்கங்கள். முதிய முகம் கிடைத்தால் கரிக்கோல் பிடித்தவருக்கு ஒரு பேராசை வந்துவிடுகிறது. கண்ணோரம், வாயோரம், நெற்றி எங்கும் கோடுகளை உழுது தள்ளுகிறார். மலைவாழ் முதியவர், மீனவ முதியவர், மாட்டுவண்டிக்காரர் என்று நம் ஓவியக் கண்காட்சிகளில் வரிசை கட்டும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. சுருக்கங்களே முகம் என்றாகி, முகத்துக்குரியவர் காணாமல் போகிறார். வறுமை கண்ணுக்கு விருந்தாகிறது. நம் நண்பரும் நெற்றியில் இந்தப் பேராசைக்கு இடம் கொடுத்துவிட்டார். மூதாட்டியின் நெற்றி உண்மையில் ஓரளவு சமமானது. நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். கன்னத்தில் அவர் காட்டிய அடக்கத்தை நெற்றியிலும் காட்டியிருக்கலாம்.

இரண்டாம் குறை வெண்மையின் மிகுதி. வெண்சுண்ணத்தைக் கையில் எடுத்ததும் அது தோலை வெளுக்கும் பொருளாகிவிடும் இடர் எப்போதும் உண்டு. நம் ஊர்ப் புகைப்பட நிலையங்களில் திருமணப் பெண்ணின் முகத்தை வெளுத்துக் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் படத்தை வாங்குவதில்லை. முன்பு கண்ணாடித் தகட்டின்மேல் பென்சிலால் செய்தார்கள். இப்போது கணினியில் செய்கிறார்கள். அப்பழக்கம் ஓவியனின் விரலிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெண்சுண்ணம் தோலின் நிறத்தைக் குறிக்க வந்ததன்று. ஒளி தோலைத் தொட்ட இடத்தைக் குறிக்க வந்தது. ஒரு முகத்தில் அத்தகைய இடங்கள் கைவிரல் எண்ணிக்கைக்கு மேல் இரா. மூக்கின் முனை, கீழுதட்டின் ஈரம், கன்ன எலும்பின் மேடு, விழியின் ஒரு புள்ளி, அணிந்திருக்கும் உலோகம். அவற்றுள்ளும் எது மிகப் பிரகாசமானது என்று ஓவியன் முடிவு செய்ய வேண்டும். இப்படத்தில் அது மூக்குத்தி. அங்கே நண்பர் சுண்ணத்தை அழுத்தி வைத்தது முற்றிலும் சரி. ஆனால் கன்னத்திலும் தோள்சேலையிலும் அதே அழுத்தத்தில் வைத்ததால் மூக்குத்தி தன் தனிமையை இழந்துவிட்டது.

மூன்றாம் குறையை நாம் காணவில்லை; மூதாட்டிதான் கண்டார்.

படம் முடிந்ததும் ஆசிரியர் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். மூதாட்டி எழுந்து வந்து, குனிந்து, பிறகு சற்றுப் பின்வாங்கிப் பார்த்தார். நேற்றைய மௌனம் இல்லை. “இது நாந்தான்” என்றார். பிறகு கண்களை உற்றுப் பார்த்துவிட்டு, “கண்ணுல எதுக்கு வாத்தியாரே ரெண்டு ரெண்டு விளக்கு ஏத்தி வெச்சிருக்க? என் வூட்டுக்கு ஒரு வாசல்தான” என்றார்.

ஆசிரியர் திகைத்தார். நாமும் திகைத்தோம். ஒவ்வொரு விழியிலும் அவர் இரண்டு வெண்புள்ளிகள் வைத்திருந்தார். புகைப்பட நிலையத்தில் இருபுறமும் விளக்கு நிறுத்தி எடுக்கும் படங்களில் விழிக்கு இரண்டு புள்ளிகள் விழும். அத்தகைய படங்களைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுத்த பல ஆண்டுப் பழக்கம் கையில் ஊறி, கண் பார்க்காததைக் கை எழுதிவிட்டது. அந்த அறைக்கு ஒரே வாசல், ஜன்னல் இல்லை. விழியில் ஒரே ஒரு வெளிச்சம்தான் இருக்க முடியும்.

நிறைய நூல்கள் படித்துவிட்டு ஓவியத்தைப் பற்றி எழுதும் நமக்கு இது ஒரு நல்ல பாடம். தம் வீட்டில் வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்தவர் சொன்ன விமரிசனம் அது. அதைவிடக் கூர்மையான ஒன்றை நாம் சொல்லிவிடவில்லை.

“சரி ஆயா” என்று சொல்லி ஆசிரியர் ரொட்டித் துண்டு ஒன்றை விரலால் பிசைந்து, விழிக்கு ஒன்றாக இரண்டு புள்ளிகளை ஒற்றி எடுத்தார். பார்வை உடனே ஒரு திசை கொண்டது. அதுவரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்த முகம் வாசலைப் பார்த்தது.

*

படத்தின் ஆயுளைப் பற்றியும் சில சொற்கள். கரித்தூள் தாளோடு ஒட்டுவதில்லை, மேலே தங்கியிருக்கிறது. அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லத் தெளித்தால் அது தாளில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே தெளிப்பு வெண்சுண்ணத்தின் மேல் பட்டால் வெண்மை மங்கிப் பாதி மறைந்துவிடும். ஆகவே கரிவேலை முடிந்ததும் தெளித்துக் காயவைத்து, வெண்மையைக் கடைசியில் வைத்து, அதை அப்படியே விட்டுவிடுவார்கள். நண்பரும் அப்படியே செய்தார். மலிவான பழுப்புத் தாளுக்கு வேறொரு கேடும் உண்டு. அதிலுள்ள அமிலம் காலப்போக்கில் தாளைக் கருக்கச் செய்து மொரமொரப்பாக்கும். தாள் கருத்தால் வெண்சுண்ணம் முன்னைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய நிறத்தாள் படங்கள் சிலவற்றில் ஒளிப்புள்ளிகள் இன்று மிகையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். உழைத்து வரைபவர்கள் அமிலம் நீக்கிய தாளுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவதே அறம்.

படத்தை மூதாட்டிக்கே கொடுத்துவிட்டு வந்தோம். சட்டம் போட்டுத் தருவதாக ஆசிரியர் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். உயிரோடு இருப்பவர் படத்தைச் சுவரில் மாட்டினால் பார்க்கிறவர்கள் மாலை எங்கே என்று கேட்பார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். படத்தைச் சுருட்டிச் சேலைகளோடு தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். சுருட்டினால் வெண்சுண்ணம் உதிரும் என்று ஆசிரியர் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஏழு மாதங்கள் கழித்துப் போனபோது பெட்டியைத் திறந்து காட்டினார். ஆசிரியர் சொன்னபடியே ஆகியிருந்தது. கன்னத்து வெண்மை போய்விட்டது. தோள்சேலையின் வெண்மை அடுத்த மடிப்பில் பொடியாக ஒட்டிக்கிடந்தது. அழுத்தி வைத்ததால் மூக்குத்தியில் மட்டும் தாளின் நெருடலுக்குள் கொஞ்சம் தங்கியிருந்தது. விழிப்புள்ளிகளும் மங்கிவிட்டன. நண்பர் சற்று வருந்தினார். தொட்டுச் சரிசெய்து தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றார் மூதாட்டி.

நாம் அந்தப் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெண்மை அறவே குறைந்த பின்னும் முகம் குலையவில்லை. மிகையாக வைத்தவை உதிர்ந்துபோனதால் இரண்டாம் குறை தானாகவே நீங்கியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். நெற்றிச் சுருக்கங்கள் மட்டும் அரக்குப் பிடித்து அப்படியே இருந்தன. அவை நண்பரின் கணக்கில் நிற்கும். கரி தன் இடத்தில் இருந்தது. மற்றதெல்லாம் தாள், யாரும் தொடாமல் விட்ட, தொடக்கம் முதலே அவருடைய நிறமாக இருந்த தாள்.

வெள்ளைத் தாளில் வரைந்த முதல் படம் என்னவாயிற்று என்று கேட்டோம். அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.